தேங்காய் கொண்டுபோய் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் பெயர், வயது, என்ன தொந்தரவு என்றெல்லாம் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு, இருமுகிற இரண்டு பேருக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் அம்மா சொல்லிக் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

அப்போது நான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புனேயில், வானவடியில் குடியிருந்தோம். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் பிறந்தது, படித்தது, ஐ.டி. வேலையில் சேர்ந்தது, சளி பிடித்தது எல்லாமே புனேயில்தான். சளியை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், அதுதான் என் முக்கியமான பொழுதுபோக்கு.

எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலிருந்து பால் வாங்கப் போகிற தூரத்துக்குள் காது டாக்டர், தோல் டாக்டர், முழங்கால் டாக்டர், பல் டாக்டர், அவருக்கு எதிர்த்தாற்போல அவரோடு பேசாத இன்னொரு பல் டாக்டர் என்று வரிசையாகப் போர்டுகள். முடி கொட்டுவதற்கென்றே தனியாக ஒருவர் இருந்தார். (அவரிடம்தான் அதிகம் போனேன். முடிதான் நிற்கவில்லை.) ஒரு டாக்டர் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டால், பாவம், இவருக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவுகட்டி அடுத்த மாடிக்கு ஏறிவிடுவேன். தண்ணீர்க் குழாய் மாதிரி, தெருவுக்குத் தெரு டாக்டர் இருப்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவனுக்கு டாக்டர் பெண் ஜாதகம் வந்தால் எப்படி இருக்கும்? பெண்ணின் பெயர் சுகந்தி. புனேயின் அந்தக் கோடியில், நிக்டியில் வீடு. அவள் அப்பா அங்கே ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்தான். போட்டோவை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைத்தான் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே டாக்டர், காத்திருக்க வேண்டாம், மாடி ஏற வேண்டாம் என்று மனம் துள்ளியது.

ஒரே ஒரு இடைஞ்சல். அரசுக் கல்லூரியில் படித்ததற்காக ஒரு வருடம் கிராமத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்ட். சுகந்தியை மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தார்கள். அங்கே இரண்டு டாக்டர் இருக்க வேண்டும். இன்னொரு நாற்காலி காலியாகவே கிடந்தது. அதனால் இவளுக்கு லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. பெண் பார்க்க நிக்டிக்கு வர முடியாது, அடுத்த டாக்டர் வந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அடுத்த டாக்டர் எப்போது வருவார் என்று விசாரித்ததில், பலருடைய பாண்ட் முடிந்து போனாலும் அந்த நாற்காலிக்கு மட்டும் யாரும் வந்ததில்லை என்று தெரிந்தது.

அம்மா விடுவாளா?

"ஆடி பொறந்துட்டுன்னா ஒரு மாசத்துக்கு வாயத் தொறக்க முடியாதுல. அவளுக்கு லீவு இல்லன்னா நாம போவோம். பொண்ணு இருக்க எடத்துலதானல பொண்ணு பாக்கணும்? பிடிச்சிருந்தா கையோட பூவும் வச்சிட்டு வந்துருவோம்."

அதனால் ஆனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில், என் புதுக் காரில் கிளம்பினோம். பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் தட்டுகள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, நல்ல முற்றிய தேங்காய். அதோடு, "மலைல குளிரும்லா, பிள்ளைக்கு இருக்கட்டும்" என்று அம்மா வாங்கிய ஒரு கம்பளிச் சால்வை. இந்தச் சால்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனதில் பாதிப் பங்கு அதற்குண்டு.

நான் சந்தன நிறத்தில் குர்த்தா போட்டிருந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். 'கவலைப்படாதீங்க சுகந்தி, நான் உங்கள இங்கேருந்து கூட்டிட்டுப் போயிருவேன்.' என் மேனேஜரின் மைத்துனர் வழியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உடல் பரிசோதனைப் பிரிவில் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தேன். அவளைக் கேட்கவில்லை. காட்டில் கிடக்கிற பெண்ணை மீட்கப்போகிற ஆள், கேட்டுக்கொண்டா மீட்பான்?

மலை ஏற ஏறப் போர்டுகள் குறைந்தன. முதலில் காது போயிற்று, பிறகு பல் போயிற்று, கடைசியில் மெடிக்கல் ஷாப்பும் போய், வெறும் மழையும் நெல் வயலும்தான் இருந்தன. எனக்கு லேசாக நெஞ்சு அடைத்தது. (வாயு என்றாள் அம்மா.) போனில் சிக்னல் அறுந்துபோவதற்குக் கொஞ்சம் முன்னால் சுகந்தியின் அப்பா கூப்பிட்டார். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, எடுத்ததும் வந்துவிடுகிறோம், நீங்கள் போய் உட்காருங்கள் என்றார். ஆக, எங்களை வரவேற்கவும் ஆள் இல்லை, நாங்கள் யார் என்று அங்கே எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

போய்ப் பார்த்தால் சுகாதார நிலையம் தேர்க்கூட்டமாக இருந்தது. மழைக்காலக் காய்ச்சல். குழந்தையோடு சிலர், கட்டுப்போட்ட காலோடு சிலர், மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் பலர். வாசலில் சீட்டுப் போடுகிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மராத்தியில், "பேர்? வயசு? என்ன தொந்தரவு?" என்றாள்.

"டாக்டரைப் பார்க்க வந்திருக்கோம்" என்றேன்.

"எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. என்ன தொந்தரவு?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "நெஞ்சு அடைப்பு" என்றேன். அது பொய்யும் இல்லை. சீட்டைக் கொடுத்துப் பெஞ்சைக் காட்டினாள். அப்பா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "பொண்ணு பாக்க வந்த எடத்துல சீட்டுப் போட்டு உக்கார வச்சுட்டாவளே" என்று முணுமுணுத்தாள்.

கதவு திறந்தது. சுகந்தி எட்டிப் பார்த்தாள். தலைமுடியை எப்படியோ முடிந்திருந்தாள், சுடிதாரில் அயோடின் கறை. "சாரி ஆன்ட்டி, சாரி அங்கிள். ஒரு பாப்பாக்கு ஃபிட்ஸ் வந்திருக்கு. அது பார்த்துட்டு வரேன். ப்ளீஸ், பைட்டுங்க" என்றாள். (புனே வீட்டுத் தமிழ் இப்படித்தான் வரும். உட்காருங்கள் என்று அர்த்தம்.) கதவு மூடிக்கொண்டது. பெண் பார்த்தாகிவிட்டது.

சும்மா இருக்க முடியாமல் அம்மா தாழ்வாரத்தில் இருந்த மேஜையைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தட்டுகளைப் பரப்பினாள். நடுவில் தேங்காய். பக்கத்தில் மடித்த சால்வை. மேலே பூ.

இங்கேதான் விதி விளையாடியது. நமக்கு இந்தத் தட்டு என்றால் கல்யாணம். அந்த ஊரில் சால்வை, தேங்காய், பூ மூன்றும் ஒரே மேஜையில் வந்தால் அது நிரோப். அதாவது பிரிவு உபசாரம். மாற்றலாகிப் போகிற வாத்தியார், கிராம அலுவலர், டாக்டர் எல்லாருக்கும் தோளில் சால்வை போட்டு, கையில் தேங்காய் கொடுத்து, போட்டோ எடுத்து வண்டியில் ஏற்றி அனுப்புவது வழக்கம். இதற்கு முன் இருந்த டாக்டர்களும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். கடைசியாக ஒருவர் போன பிறகு இந்தக் கட்டடத்தில் வெகுகாலம் பூட்டுத்தான் தொங்கியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். மராட்டிய மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தும், ஆபீசில் பத்துப் பேருக்குச் சால்வை போட்டும், அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர் கொண்டிபா முதலில் பார்த்தார். தட்டைப் பார்த்தார், என் குர்த்தாவைப் பார்த்தார், கேட்டுக்கு உள்ளே நின்ற புனே காரைப் பார்த்தார். ஊர்ப்பக்கம் வேகமாக நடந்தார். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள் எழுந்து நின்றார்கள். வயலிலிருந்து சேற்றுக் காலோடு பெண்கள் வந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாப்பிள்ளை பார்க்க ஊரே திரண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன். காலரைச் சரிசெய்துகொண்டு, பக்கவாட்டில்தான் நான் பார்க்க நன்றாக இருப்பேன் என்று கொஞ்சம் திரும்பியும் உட்கார்ந்தேன்.

கொண்டிபா முன்னால் வந்து மரியாதையாகக் கேட்டார். "சாஹேப், மேடத்தைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்களா?"

"ஆமாம்!" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"எங்க?"

"புனேக்குத்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சனி நாக்கில் உட்கார்ந்தால் யார் நிறுத்துவது? பள்ளிக்கூடத்து மராத்தி முழுவதையும் திரட்டி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மேடம் இவ்வளவு படித்துவிட்டு இங்கே கஷ்டப்பட வேண்டாம், அங்கே ஏசி அறை, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் ஒருவரும் உள்ளே வர முடியாது, எல்லாம் நான் பேசி முடித்துவிட்டேன் என்றேன். யாராவது கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

வெற்றிலை போட்டிருந்த ஓர் அம்மாள் வந்து மேஜையிலிருந்த தேங்காயை எடுத்தார். நேராகப் படிக்குப் போய் ஓங்கி ஒரு போடு. இரண்டாக உடைந்தது. தேங்காய் இல்லாமல் எப்படி நிரோப் நடக்கும் என்று பார்த்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கொண்டிபா போய் வெளி கேட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, எந்தேங்கா!" என்று அலறினாள் அம்மா. "பொண்ணே இன்னும் பாக்கல, அதுக்குள்ள அபசகுனமா ஒடச்சிட்டாவளே!"

அந்த அம்மாள் தேங்காயைச் சில்லு சில்லாகப் பெயர்த்து எல்லாருக்கும் விநியோகித்தார். எங்கள் அப்பாவுக்கும் ஒன்று வந்தது. அப்பா வாங்கி மென்றுவிட்டு, காலையிலிருந்து அதுவரை பேசாத மனிதர், "நல்ல முத்துன தேங்கா" என்றார்.

அப்போதுதான் வெளியே பார்த்தேன். என் காருக்கு முன்னால், மழையில், நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் சாக்கு. ஒரு கை பம்பரில். (புதுக் கார் என்று சொன்னேன் அல்லவா? சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த கவலை பம்பரில் கீறல் விழுமே என்பதுதான்.) எழுந்திருக்கச் சொல்லலாம் என்று வேகமாகப் படி இறங்கினேன். செம்மண் சகதியில் கால் வைத்தேன். அப்புறம் வானம் தெரிந்தது.

இரண்டு பேர் தூக்கிக்கொண்டுவந்து உள்ளே பெஞ்சில் கிடத்தினார்கள். சந்தனக் குர்த்தா செங்கல் நிறம் ஆகியிருந்தது. கணுக்கால் பூசணியாக வீங்கிக்கொண்டிருந்தது. சீட்டு ஏற்கெனவே கையில் இருந்ததால் சிரமம் இல்லை. நெஞ்சு அடைப்பை அடித்துவிட்டுக் கால் சுளுக்கு என்று எழுதினாள் அந்தப் பெண்.

இப்படித்தான் சுகந்தியை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

"எங்க வலிக்குது? இங்கயா?"

ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. "அம்மா!" என்றுதான் வந்தது. அம்மா வாசலிலிருந்து "என்னல?" என்றாள்.

"ஃப்ராக்சர் இல்ல" என்று கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள் சுகந்தி. "வெளிய என்ன சத்தம்? உங்க வண்டி முன்னால சங்கீதா ஏன் உக்காந்திருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஊரே உள்ளே வந்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சங்கீதாவையும் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சுகந்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மராத்தியில், எனக்கு மாற்றல் ஒன்றும் வரவில்லை, இவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றாள்.  குபீரென்று சிரிப்பு. தேங்காய் உடைத்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சங்கீதா மட்டும் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆனா போயிடுவீங்கதானே மேடம்?" என்றாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். "சாஹேப், என் முதல் குழந்தை போற வழியில ஜீப்புலயே போயிடுச்சு. அப்ப இங்க பூட்டுத்தான் இருந்துச்சு. இந்த மாசம் எனக்கு நாள். மேடம் இருக்காங்கன்னுதான் நான் அம்மா வீட்டுக்குக்கூடப் போகல. இப்ப நீங்க கூட்டிட்டுப் போனா நான் யார்கிட்ட போவேன்?"

சுகந்தியைப் பார்த்தேன். அவள் கட்டின் முனையைச் சொருகிக்கொண்டே, "எனக்கும் அது தெரியணும்" என்றாள். "ஏசி ரூம் எல்லாம் பேசி முடிச்சாச்சாமே? என்னைக் கேக்கவே இல்லையே."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வெட்கம். முடி கொட்டுவதற்கு ஒரு டாக்டர், அவர் சரியில்லை என்று இன்னொருவர் எனத் திரிந்த பயல் நான். இத்தனை பேருக்கு இருக்கிற ஒரே டாக்டரையும் சால்வை போர்த்திக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் தட்டைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். என்னைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

"மேடம் எங்க இருக்கணும்னு சொல்றாங்களோ அங்கயே இருக்கட்டும்" என்றேன்.  "நான் வேணா வரேன்."

இதைச் சொல்ல வைத்தது என் மனசாட்சியா, அல்லது கொண்டிபா பையில் இருந்த கேட்டுச் சாவியா என்று வீட்டில் இன்றுவரை விவாதம் நடக்கிறது. அம்மா சாவி கட்சி. எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

கொண்டிபா கேட்டைத் திறந்துவிட்டுச் சுகந்தியின் பெற்றோர் உள்ளே வந்தபோது மாப்பிள்ளை பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருந்தான், பெண் அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சம்பந்திகள் தேங்காய்ச் சில்லு தின்றுகொண்டிருந்தார்கள். பூ வைப்பதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது வண்டியை அப்பாதான் ஓட்டினார். அம்மா வைக்காத பூவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் சுகந்தி எங்கிருந்தோ சிக்னல் பிடித்து அம்மாவுக்குப் போன் செய்தாள். சங்கீதாவுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றாள். அப்புறம், "ஆன்ட்டி, அவர் கால் எப்படி இருக்கு? ஃபாலோ-அப்புக்கு வரச் சொன்னேனே, வரவே இல்ல" என்றாள்.

அம்மா போனை வைத்துவிட்டு, "ஏலே, ஆடியாவது ஒண்ணாவது, வண்டிய எடு" என்றாள்.

கல்யாணம் நிக்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கொண்டிபா ஒரு டெம்போவில் ஆட்களோடு வந்து இறங்கினார். நேராக மேடைக்கு ஏறினார். பெண்ணுக்கு ஆசீர்வாதம் என்று எல்லாரும் நினைக்க, அவர் ஒரு சால்வையை உதறி என் தோளில் போட்டார். கையில் தேங்காயைக் கொடுத்தார். "புனேயிலிருந்து சாஹேபுக்கு நிரோப்" என்று மைக்கில் சொன்னார். மராத்தி தெரிந்த பாதி மண்டபம் சிரித்தது. தெரியாத பாதிக்கு எங்கள் அம்மா விளக்கம் சொன்னாள், சொல்லிக்கொண்டே அழுதாள்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் தட்டில் தேங்காய் வந்தால் யாராவது ஒருவர், "யாருக்கு டிரான்ஸ்பர்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கிரகப்பிரவேசம், காதுகுத்து எதுவும் தப்புவதில்லை.

சுகந்திக்குப் பாண்ட் முடிந்தது. அவள் போகவில்லை. நான்தான் அங்கே போனேன். டாக்டர் குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். வீட்டுக்குள்ளேயே டாக்டர் என்ற கனவு மட்டும் பலிக்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது என்றால், "சீட்டுப் போட்டு வரிசையில வாங்க" என்கிறாள். வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடைப்பு தானாகச் சரியாகிவிடுகிறது.

போன மாதம் அந்தக் காலி நாற்காலிக்கு ஒருவழியாக ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசு, நாசிக் பக்கம். ஊரே அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா அப்பா காரில் வந்து இறங்கினார்கள். தொட்டி மேலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் கையில் ஒரு தட்டு. தட்டில் தேங்காய், பூ. பக்கத்தில், மடித்து வைத்த ஒரு சால்வை.

எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. சேற்றில் ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தினேன். நான் கேட்காமலே கொண்டிபா பூட்டோடு நின்றார்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

அந்த அம்மாள் பயந்துவிட்டார். "எங்கயும் இல்லப்பா. தேங்கா அம்மன் கோயிலுக்கு. சால்வை புள்ளைக்கு, இங்க குளிருதுன்னு சொன்னான்" என்றார்.

இருக்கலாம். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். இருந்தாலும் வாசற்படியிலேயே உடைத்துவிடலாம் அம்மா, இதுவும் கோயில்தான் என்று சொல்லித் தேங்காயைக் கையில் வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டேன். ஜன்னல் வழியாக சுகந்தி, "யாருக்கு டிரான்ஸ்பர்?" என்று கத்தினாள். யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் சில்லு கொடுத்து, நானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். அப்பா சொன்ன மாதிரியே, நல்ல முற்றிய தேங்காய்.